எல்வா ஆற்றில் தூண்டில் போடலாமா? அணைகள் போன பிறகு டிரவுட் மீன்களின் நிலை

நீரோடி (சியாட்டில்)

வணக்கம் நண்பர்களே. வாஷிங்டன் மாநிலத்தில் ஒலிம்பிக் தீபகற்பத்து எல்வா ஆற்றைப் பற்றி இங்கே அவ்வப்போது துண்டு துண்டாகப் பேசியிருக்கிறோம். இந்த முறை ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு முழுதாகப் பேசலாம். அந்த ஆற்றின் மேல்பகுதியில் டிரவுட் (சால்மன் குடும்பத்துக் குளிர்நீர் மீன்) பிடிக்கத் தூண்டில்காரர்களை மறுபடியும் விட வேண்டுமா? இப்போது விடக் கூடாது என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

புதியவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. கடலிலிருந்து 8 கிலோமீட்டர் உள்ளே 1910இல் எல்வா அணையைக் கட்டத் தொடங்கி 1913இல் முடித்தார்கள். உயரம் சுமார் 33 மீட்டர். அதற்கும் மேலே 1927இல் கிளைன்ஸ் கேன்யன் அணை எழுந்தது. அது 64 மீட்டர். இரண்டிலும் மீன் ஏறிப் போக ஒரு படிக்கட்டுகூட வைக்கவில்லை. மலைக்குள் 110 கிலோமீட்டருக்கும் மேல் ஆறும் கிளையோடைகளும் இருக்க, கடலிலிருந்து வரும் மீனுக்கு மிஞ்சியது கீழே அந்த 8 கிலோமீட்டர் மட்டும்தான்.

1992இல் அமெரிக்க நாடாளுமன்றம் எல்வாவை மீட்கச் சட்டம் இயற்றியது. இடிப்பு வேலை தொடங்கவே 2011 செப்டம்பர் ஆகிவிட்டது. கீழ் அணை 2012 மார்ச்சுக்குள் போய்விட்டது. மேல் அணையைப் படிப்படியாக இறக்கி, கடைசித் துண்டை 2014 ஆகஸ்டில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஆறு முழுவதற்கும் 2011இல் மீன்பிடித் தடை வந்தது; பிறகு மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது.

அணை இருந்த காலத்தில், மேல் அணை தேக்கிய மில்ஸ் ஏரிக்கு மேலே, கீசர் பள்ளத்தாக்குப் பக்கம், ரெயின்போ டிரவுட் பிடிக்க ஆட்கள் நடந்தே போவார்கள். ஃப்ளை தூண்டிலுக்கு, அதாவது பூச்சிபோல் கட்டிய செயற்கை இரையால் பிடிப்பதற்கு, பேர்போன இடம். அந்த நினைவு உள்ளவர்கள்தான் இன்று 'சால்மனை விட்டுவிடுங்கள், எங்களுக்கு டிரவுட் போதும்' என்று கேட்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஆற்றில் டிரவுட்டைத் தனியே பிரித்துப் பார்க்கவே முடியாது.

மலைவாசி (போர்ட்லாந்து)

நீரோடி, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனாலும் நான் மறுக்கிறேன்.

ஆற்று மீனைக் கொன்று தின்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஒற்றைக் கொக்கி, அதிலும் எதிர்முள் இல்லாதது, செயற்கை ஃப்ளை மட்டும், பிடித்த மீனை உடனே விட்டுவிடுவது. இந்த நிபந்தனைகளோடு கோடையில் சில வாரங்கள் மேல்பகுதியைத் திறந்தால் என்ன கெட்டுவிடும்? அங்கே போகும் சாலையும் இப்போது இல்லை. அணைகள் போன பிறகு 2015 வெள்ளத்தில் ஆறு தன் பழைய தடத்தைத் தேடிக்கொண்டு சாலையை அரித்தது. எல்வா முகாமிடமும் ஆல்டேர் முகாமிடமும் அதனோடு போயின. வண்டியை மேடிசன் அருவியில் நிறுத்திவிட்டு மைல்கணக்கில் நடக்கிற ஆள் எத்தனை பேர் இருப்பார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓர் ஆற்றுக்காகக் குரல் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் அதில் முழங்கால் அளவு நின்றவர்கள். ஒரு தலைமுறையே எல்வாவில் தூண்டில் போடாமல் வளர்ந்துவிட்டது. நாளைக்கு இந்த ஆற்றுக்கு ஓர் ஆபத்து என்றால் யார் வந்து நிற்பார்கள்?

நீரோடி (சியாட்டில்)

மலைவாசி அண்ணா, கடைசியாகக் கேட்ட கேள்வி கனமானது. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் 'என்ன கெட்டுவிடும்' என்பதற்குப் பதில் இருக்கிறது.

ரெயின்போ டிரவுட்டும் ஸ்டீல்ஹெட்டும் ஒரே இனம். ஆற்றிலேயே தங்கிவிட்டால் டிரவுட். கடலுக்குப் போய்க் கொழுத்துத் திரும்பினால் ஸ்டீல்ஹெட். ஒரே தாயின் முட்டைகளிலேயே இரண்டு வகையும் வரலாம். ஆற்றில் தங்கிய ஆண் டிரவுட், கடலிலிருந்து வந்த பெண் ஸ்டீல்ஹெட்டோடு சேர்வதும் சாதாரணம்.

1913இல் கதவு சாத்தப்பட்டபோது அணைக்கு மேலே மாட்டிக்கொண்ட மீன்கள் நூறு ஆண்டு அங்கேயே குட்டை வளர்த்தியாக வாழ்ந்தன. அவற்றில் சில குஞ்சுகள் அப்போதும் கடல் நோக்கி இறங்கிக்கொண்டுதான் இருந்தன. இறங்கினால் திரும்ப வழி கிடையாது. அணைகள் போன சில ஆண்டுகளில், மேல்பகுதியில் நீருக்குள் முகம் கவிழ்த்து நீந்தி மீன் எண்ணியவர்கள் கோடை ஸ்டீல்ஹெட்டைப் பார்த்தார்கள். ஜான் மக்மில்லன் போன்ற ஸ்டீல்ஹெட் ஆய்வாளர்கள் இதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். கோடையிலேயே ஆற்றுக்குள் நுழைந்து, ஆழக் கயங்களில் மாதக்கணக்கில் காத்திருந்து, அடுத்த ஆண்டு முட்டையிடும் வகை அது. கீழ் ஆற்றில் அது ஏறத்தாழ இல்லாமலே போயிருந்தது.

அதை மீன்குஞ்சுப் பண்ணையிலிருந்து யாரும் கொண்டுவந்து விடவில்லை. முன்கூட்டியே ஆறேறும் குணத்தோடு தொடர்புடைய மரபணு வடிவம் மேலே சிறைப்பட்ட டிரவுட்டிடம் அழியாமல் இருந்தது என்று மரபணு ஆய்வுகள் காட்டின. மூன்று நான்கு தலைமுறை மனிதர்கள் வெறும் டிரவுட் என்று நினைத்துப் பிடித்த அந்தச் சின்ன மீன்தான் விதைநெல்.

பஞ்சம் முடிந்த முதல் போகத்திலேயே விதைநெல்லில் கை வைப்பார்களா, அண்ணா?

கயல்விழி (கோர்வாலிஸ்)

நான் மீன்வளம் படிக்கிறேன். இரண்டு விஷயங்களைச் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவது வண்டல். இரண்டு அணைகளுக்கும் பின்னால் சுமார் 2.1 கோடி கன மீட்டர் மண்ணும் மணலும் கூழாங்கல்லும் தேங்கிக் கிடந்தன. அணையை ஒரே நாளில் உடைத்திருந்தால் கீழே ஒரு மீன்கூடத் தப்பியிருக்காது. அதனால்தான் கிளைன்ஸ் கேன்யன் அணையைக் கொஞ்சம் இறக்குவது, நிறுத்துவது, சால்மன் ஏறும் பருவத்தில் கை வைக்காமல் இருப்பது என்று வேலை செய்தார்கள். அப்படியும் ஆறு நீண்ட நாள் சேற்றுக் குழம்பாக ஓடியது.

டிரவுட் பிடிப்பவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், மீனுக்கு முன்னால் பூச்சி வர வேண்டும். நல்ல ஓடையில் ஒரு கூழாங்கல்லைப் புரட்டிப் பாருங்கள். அடிப்பக்கம் சிறு மணலை ஒட்டிக் கட்டிய குழல் கூடுகள் இருக்கும். அவை கேடிஸ் புழுக்கள். அவற்றுக்குப் பக்கத்தில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, மூன்று வால் இழைகளை ஆட்டும் மேஃப்ளைக் குஞ்சுகள். வண்டல் படிந்த இடத்தில் அதே அளவுக் கல்லைப் புரட்டினால் அடிப்புறம் வழவழப்பாக, சாம்பல் நிறத்தில், ஒன்றுமே இல்லாமல் இருக்கும். கற்களுக்கு இடையிலுள்ள சந்துகள் அடைத்துவிட்டால் பூச்சிக்கும் மூச்சில்லை, முட்டைக்கும் மூச்சில்லை. எல்வாவின் கீழ்ப்பகுதியில் பூச்சிகள் முதலில் சரிந்தன. வண்டல் கடலுக்குப் போகப் போகத்தான் மீண்டு வந்தன.

அணைகள் இருந்தபோதோ நேர்மாறான குறை. கூழாங்கல் வரவே வராமல் கீழ் ஆற்றின் படுகை பெரிய பாறைகளாகத் தேய்ந்து, முட்டையிட இடமில்லாமல் கிடந்தது. இப்போது முகத்துவாரத்தில் புதிய கடற்கரையே உருவாகியிருக்கிறது.

இரண்டாவது, புல் டிரவுட். 1999 முதல் சட்டப் பாதுகாப்பில் உள்ள மீன். மேல் எல்வாவில் ரெயின்போவுக்குப் போடும் அதே ஃப்ளையை இதுவும் கவ்வும். முதுகுத் துடுப்பில் கரும்புள்ளி கிடையாது, மங்கிய உடம்பில் வெளிர் புள்ளிகள்; தெரிந்தவர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் கண்டுபிடிப்பது கொக்கி ஏறிய பிறகுதானே? அணைகள் போன பிறகு இவை கடலுக்குப் போய்த் திரும்பத் தொடங்கிவிட்டன, உடம்பும் பெருத்திருக்கிறது. பெரிய மீன் என்றால் இழுத்துக் களைக்கவைக்கும் நேரமும் கூடும்.

மலைவாசி ஐயா, எதிர்முள் இல்லாத கொக்கியில் சாவு குறைவு என்பது உண்மை. ஆனால் கோடையில் நீர் 20 டிகிரியை நெருங்கும்போது அந்தக் குறைவு அப்படியே இருப்பதில்லை. படம் எடுக்க மீனை வெளியே தூக்கிப் பிடிக்கும் நேரமும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

வேலு (டகோமா)

எல்லாம் நன்றாக இருக்கிறது. மொத்தத் திட்டத்துக்கு ஆன செலவு சுமார் 32.5 கோடி டாலர். அத்தனையும் மக்கள் வரிப்பணம். அந்த மக்கள் ஒரு டிரவுட் பிடிக்கக் கூடாதா? மின்சாரத்தையும் விட்டுக்கொடுத்தோம்.

நீரோடி (சியாட்டில்)

வேலு, அந்தத் தொகையில் பெரும்பகுதி அணையை இடிக்க ஆனது அல்ல. அதில் அணைகளை விலைக்கு வாங்கியதும் இருக்கிறது. போர்ட் ஏஞ்சலஸ் நகரத்தின் குடிநீரையும் ஆலைத் தண்ணீரையும் வண்டலிலிருந்து காக்கச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டியதும் இருக்கிறது. மின்சாரம் இரண்டு அணையும் சேர்ந்து 30 மெகாவாட்டுக்கும் குறைவு.

அணை எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மீன் ஏறும் ஆற்றில் அணை கட்டினால் மீனுக்கு வழி விட வேண்டும் என்று வாஷிங்டன் மாநிலத்தில் 1890இலேயே சட்டம் இருந்தது. எல்வா அணையைக் கட்டிய தாமஸ் ஆல்ட்வெல் அதை மதிக்கவே இல்லை. அடித்தளத்தைப் பாறையில் ஊன்றவில்லை. 1912 அக்டோபரில் அணையின் அடி பிய்த்துக்கொண்டு போய் வெள்ளம் கீழே பாய்ந்தது. அப்போதும் பாடம் கற்கவில்லை. ஓட்டையை அடைத்துவிட்டு, மீன்படிக்குப் பதிலாக ஒரு குஞ்சுப் பண்ணை வைக்கிறோம் என்று மாநில அதிகாரியோடு ஏற்பாடு செய்துகொண்டார்கள். அந்தப் பண்ணையையும் 1922இல் கைவிட்டார்கள். மக்கள் பணம் என்று கணக்குப் பார்த்தால் அந்த நூறு ஆண்டு இழப்பையும் யாராவது கணக்கில் எழுத வேண்டும்.

அந்த இழப்பு முதலில் விழுந்தது லோயர் எல்வா கிளாலம் பழங்குடியினர் மேல். அமெரிக்க அரசோடு செய்த 1855 ஒப்பந்தத்தில் மீன்பிடி உரிமையைத் தக்கவைத்துக்கொண்டவர்கள் அவர்கள். 1974இல் நீதிபதி போல்ட் அளித்த தீர்ப்பு அந்த உரிமையைப் பிடிக்கக்கூடிய மீனில் பாதிப் பங்கு என்று உறுதிசெய்தது. பங்கு கிடைத்தபோது ஆற்றில் மீன் இல்லை! அவர்களுடைய படைப்புக் கதையில் வரும் புனிதப் பாறை நூறு ஆண்டு, கீழ் அணை தேக்கிய ஆல்ட்வெல் ஏரிக்கடியில் கிடந்தது. ஏரி வடிந்த பிறகுதான் இன்றைய தலைமுறை அதைக் கண்ணால் பார்த்தது. அப்படிப்பட்டவர்களே 2011இல் வலையை எடுத்து வைத்தார்கள். 2023இல்தான் சடங்குக்கும் சாப்பாட்டுக்கும் அளவோடு கோஹோ சால்மன் பிடித்தார்கள். அவர்கள் அத்தனை ஆண்டு பொறுத்தார்கள் என்றால் பொழுதுபோக்குக்குப் போகும் நாம் பொறுக்க முடியாதா?

மிசூலா செல்வன்

நான் மொன்டானாவில் இருக்கிறேன். இங்கே கிளார்க் ஃபோர்க்கும் பிளாக்ஃபுட் ஆறும் கூடும் இடத்தில் மில்டவுன் அணை இருந்தது. 1908இல் கட்டியது. அதே ஆண்டு வந்த பெருவெள்ளம் பியூட், அனகோண்டா சுரங்கங்களின் கழிவை அள்ளிக்கொண்டு வந்து அணைக்குப் பின்னால் கொட்டியது. 1981இல் அங்கே கிணற்று நீரில் ஆர்சனிக் இருப்பது தெரிந்தது. 1996 பிப்ரவரியில் பனிக்கட்டிப் பாளங்கள் அணையை நோக்கி வந்தபோது நீர்மட்டத்தை இறக்க, நச்சு வண்டல் கீழே போய் மீன்கள் செத்தன. நச்சு மிகுந்த மண்ணைத் தோண்டி ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். 2008 மார்ச் 28 அன்று அணையை உடைத்ததும் ஆறு திறந்துகொண்டது.

எல்வாவுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு: இங்கே தூண்டில் நிற்கவில்லை. மிசூலா ஊருக்குள்ளேயே ஆள்கள் டிரவுட் பிடிக்கிறார்கள். அணையின் வெதுவெதுப்பான தேக்கத்தில் நார்தர்ன் பைக் மீன்கள் பெருகி, கீழே இறங்கும் டிரவுட் குஞ்சுகளைத் தின்றுகொண்டிருந்தன. தேக்கம் போனதும் அந்தத் தொல்லையும் போனது. வெஸ்ட்ஸ்லோப் கட்த்ரோட், புல் டிரவுட் எல்லாம் இரண்டு ஆறுகளுக்கு இடையில் தடையில்லாமல் போய் வருகின்றன.

ஆனால் ஒன்று. 'அணை போனது, மீன் வந்தது' என்று முடித்துவிட முடியாது. மேல் கிளார்க் ஃபோர்க்கில் பிரவுன் டிரவுட் அண்மை ஆண்டுகளில் மிகவும் குறைந்துவிட்டது. கோடையில் தண்ணீர் வற்றுவது, சூடேறுவது, பாசனத்துக்கு எடுப்பது, பழைய சுரங்க உலோகம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அணை ஒரு பூட்டு. உள்ளே வேறு பூட்டுகளும் உண்டு. எல்வாவுக்கு வாய்த்த பேறு என்னவென்றால், அதன் நீர்ப்பிடிப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் ஒலிம்பிக் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. மேலே வயலும் இல்லை, சுரங்கமும் இல்லை. அப்படியோர் ஆற்றில் அவசரப்பட்டால் அது பெரும் வீண்.

உதகைக்காரன்

நீலகிரியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர் ரெயின்போ டிரவுட்டும் உங்கள் எல்வா மீனும் ஒரே இனம். வெள்ளைக்காரர் காலத்தில் அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்து ஓடைகளில் விட்டார்கள். பிறகு குந்தா மின்திட்ட அணைகள் வந்தன. மேல்பவானி போன்ற தேக்கங்களில் டிரவுட் நன்றாகவே வளர்ந்தது. அணை டிரவுட்டுக்குப் பகை என்று பொதுவாகச் சொல்ல முடியுமா?

கயல்விழி (கோர்வாலிஸ்)

அண்ணா, குளிர்ந்த ஆழமான தேக்கத்தில் ஆற்றிலேயே தங்கும் டிரவுட் கொழுக்கும். மில்ஸ் ஏரியிலும் டிரவுட் இருந்தது. அணையால் போவது கடலுக்குப் போய்வரும் வாழ்க்கை. நீலகிரியில் விட்ட மீனுக்கு அந்த வாழ்க்கையே கிடையாது, ஆகவே இழக்க ஒன்றுமில்லை. அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: வந்தேறி மீனால் அந்த ஓடைகளின் சொந்த மீன்களும் தவளைகளும் என்ன ஆயின? அதற்குத் தனி இழையே தேவை.

கடலிலிருந்து வரும் மீன் சும்மா வருவதில்லை, கடலின் சத்தையும் சுமந்து வருகிறது. எல்வாவில் டிப்பர் என்ற சிறு சாம்பல் பறவை இருக்கிறது. ஓடும் நீருக்குள் முழுகி நடந்து பூச்சி பொறுக்கும். சால்மன் எட்டும் இடத்து டிப்பர்களின் இரத்தத்தில் கடல் சத்தின் அடையாளம் தெரிந்தது. அவை உடல்நலத்தோடு இருந்தன. ஒரே பருவத்தில் இரண்டு முறை குஞ்சு பொரிப்பதும் அவற்றில்தான் கூடுதல். சால்மன் எட்டாத மேல்பகுதிப் பறவைகளுக்கு அது வாய்க்கவில்லை.

மலைவாசி (போர்ட்லாந்து)

எல்லாவற்றையும் படித்தேன். விதைநெல் வாதத்தை ஏற்கிறேன். புல் டிரவுட் பற்றிக் கயல்விழி சொன்னதும் சரி.

ஆனால் ஒன்றில் விட்டுக்கொடுக்க மாட்டேன். 'இப்போது வேண்டாம்' என்பவர்கள் 'எப்போது' என்பதையும் சொல்ல வேண்டும். எத்தனை ஸ்டீல்ஹெட், எத்தனை ஆண்டு தொடர்ந்து ஏறினால் திறப்பார்கள் என்று எண்ணோடு எழுதி வைக்க வேண்டும். தடை தவணை தவணையாக நீள்வதை மட்டுமே பார்க்கிற தூண்டில்காரனுக்கு நம்பிக்கை போய்விடும். நம்பிக்கை போன இடத்தில் திருட்டுத் தூண்டில் வரும்.

பண்ணை மீனைப் பற்றி யாரும் பேசவில்லையே? இந்த ஆற்றுக்குச் சொந்தமில்லாத சேம்பர்ஸ் கிரீக் வகை ஸ்டீல்ஹெட்டை விடுவதை எதிர்த்து 2012இல் வழக்கு வந்து, அதன்பின் அந்த வகை நிறுத்தப்பட்டது. அதே கண்டிப்பைத் தூண்டிலிடம் மட்டும் காட்டாமல் பண்ணையிடமும் தொடர்ந்து காட்ட வேண்டும் என்கிறேன்.

நீரோடி (சியாட்டில்)

எண்ணோடு எழுத வேண்டும் என்பதில் நான் உங்கள் பக்கம், அண்ணா. அதுவும் மொத்த மீன் எண்ணிக்கை போதாது. மேல்பகுதியில் முட்டையிடும் ஸ்டீல்ஹெட், பண்ணையில் பிறக்காதது, இதைத் தனியே எண்ண வேண்டும். தூண்டிலைத் திறக்கும் நாள் வந்தால் ஆழக் கயங்களைக் கடைசியாகத்தான் திறக்க வேண்டும். கோடை ஸ்டீல்ஹெட் அசையாமல் காத்திருக்கும் இடங்கள் அவை. நீர் தெளிந்து, மீன் கண்ணுக்குத் தெரிந்து, ஓட வழியில்லாமல் நிற்கும்.

பண்ணை விஷயத்தில் கொஞ்சம் வேறுபடுகிறேன். சேறு ஓடிய ஆண்டுகளில் சொந்த ஆற்று மீனின் குஞ்சுகளைப் பண்ணையில் பாதுகாத்தது தேவையாக இருந்தது. அந்தத் தேவை முடிந்த பிறகும் தொடர்வதுதான் சிக்கல்.

இனியா (பெல்வியூ)

நான் புதிது. அப்பா ஊரிலிருந்து வருகிறார், ஆற்றையும் பார்க்க வேண்டும், தூண்டிலும் போட வேண்டும் என்கிறார். ஒரே பயணத்தில் இரண்டும் முடியுமா?

மலைவாசி (போர்ட்லாந்து)

முடியும், இனியா. எல்வாவில் தூண்டில் வேண்டாம், பார்த்துவிட்டு வாருங்கள். மேடிசன் அருவி வரை வண்டி போகும். அங்கிருந்து மூடிய சாலையிலும் மாற்றுப் பாதையிலும் நடந்தால் கிளைன்ஸ் கேன்யன் பார்வைமேடை வரும். பழைய அணையின் மதகுப் பகுதியை அப்படியே விட்டுவைத்து மேடையாக்கியிருக்கிறார்கள். கீழே இடுக்கில் ஆறு, தெற்கே திரும்பினால் ஏரி கிடந்த இடத்தில் வளரும் இளங்காடு. அப்பாவுக்கு நடை சிரமம் என்றால் 112ஆம் நெடுஞ்சாலையை ஒட்டிய பழைய எல்வா அணைப் பாதை சிறியது.

தூண்டிலுக்குப் பக்கத்திலேயே சதர்லேண்ட் ஏரி இருக்கிறது. அது பூங்காவுக்கு வெளியே, அதனால் மாநில உரிமம் எடுக்க வேண்டும். பூங்காவுக்குள் இருக்கும் மலை ஏரிகளுக்கு எல்வா ஆற்றுத் தடை வந்தபோதும் விலக்கு இருந்தது. அங்கே மாநில உரிமம் தேவையில்லை, ஆனால் பருவமும் விதியும் தனி. விதிகள் மாறும். கிளம்பும் முன் போர்ட் ஏஞ்சலஸ் பூங்கா நிலையத்தில் அந்த ஆண்டு விதித்தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கயல்விழி (கோர்வாலிஸ்)

இலையுதிர் காலம் என்றால் ஒன்று, இனியா. ஆற்றோரம் இறங்கினால் ஆழமில்லாத இடத்தில் சுற்றிலும் பாசி படிந்திருக்க, நடுவில் மட்டும் கழுவிவிட்டதுபோல் வெளுத்த கூழாங்கல் வட்டம் தெரியும். அது சால்மன் முட்டைக் குழி. அதன் மேல் காலை வைத்துவிடாதீர்கள், அப்பாவிடமும் சொல்லிவிடுங்கள்.